(லோ + ஹை) / 2: இதற்காக நான் மறுபடி கல்லூரிக்குப் போக வேண்டுமாம்

இரவுப்பணி:
நேற்று வேறொரு இழையில் ஒருவர் திருவாய் மலர்ந்திருந்தார்: "கம்ப்யூட்டர் சயின்ஸ் முறையாகப் படிக்காதவர்கள் எத்தனை வருடம் கோட் எழுதினாலும் பைனரி சர்ச்சில் (லோ + ஹை) / 2 என்றுதான் எழுதுவார்கள். அனுபவசாலிகள் திரும்பப் போய் ஒரு பட்டம் வாங்குவதே நல்லது."

நான் பி.எஸ்சி. இயற்பியல். வங்கிப் பரிவர்த்தனை மென்பொருளிலேயே தலை நரைத்தவன். எனக்குப் பாடம் எடுக்கிறார்!

விஷயம் தெரியாதவர்களுக்கு: வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது பைனரி சர்ச். லோ, ஹை என்பவை தேடும் பகுதியின் இரு முனைகளின் இட எண்கள்; கூட்டி இரண்டால் வகுத்தால் நடு இடம். அந்தக் கூட்டுத்தொகை 214 கோடியைத் தாண்டினால் ஜாவா மொழியில் எண் மைனஸ் ஆகிவிடும், புரோகிராம் படுத்துவிடும். இந்தப் பிழை ஜாவாவோடு வரும் ஆயத்த கோட் தொகுப்பான லைப்ரரியிலேயே ஒன்பது வருடம் போலக் கிடந்தது. எழுதியவர் ஜோஷுவா பிளாக், கார்னெகி மெலனில் பிஎச்.டி. முடித்தவர். 2006-ல் அவரே இதை வெளிப்படையாக எழுதினார். பிஎச்.டி.யே காப்பாற்றவில்லை, வார இறுதி எம்.டெக். காப்பாற்றுமோ?

கம்பைலர்_கந்தன்:
நேற்று அந்த அறிவுரையை எழுதியது நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், பயம் எதற்கு?

பிளாக் தப்பு செய்தார், சரி. ஏன் தப்பு என்று உலகத்துக்கு விளக்கியது யார்? அதே பிஎச்.டி.தான். உங்கள் டீமாக இருந்தால் சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு புகார் டிக்கெட்டை மூடியிருப்பீர்கள்.

இரவுப்பணி:
விளக்கியது எப்போது? யாருடைய புரோகிராமோ உடைந்து, ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனத்துக்குப் புகார் போன பிறகு. பிழையைப் பிடித்தது நிஜமாக ஓடுகிற புரொடக்‌ஷன், பட்டம் அல்ல. கேள்வி ஒன்றுதான்: அந்த ஜாவா கோடை எழுதியவர் பிஎச்.டி.யா இல்லையா?

மகிழ்_டெஸ்டிங்:
ஒரு சந்தேகம். பட்டத்தால் பயன் உண்டா இல்லையா என்று சண்டை போடுகிறீர்களே, பயன் என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள், சம்பளமா, அறிவா, விசாவா? நான் பல வருடமாக டெஸ்டிங்கில் இருக்கிறேன். ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸில் சேரலாமா என்று யோசிக்கிறேன்.

நெல்லைப்_பொறியாளன்:
அது ஐஐடியே இல்லை. ஜேஇஇ எழுதாமல் உள்ளே போவதெல்லாம் ஐஐடி கணக்கில் வராது.

இரவு_வகுப்பு:
பட்டம் கொடுப்பது ஐஐடி மெட்ராஸ்தான். நான்கு வாரப் பாடம் முடித்து, தகுதித் தேர்வு எழுதித்தான் உள்ளே விடுகிறார்கள். பருவத் தேர்வுக்கு மையத்துக்கு நேரில் போக வேண்டும். உட்கார்ந்து எழுதிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

நெல்லைப்_பொறியாளன்:
ரெஸ்யூமில் 'ஐஐடி' என்று கொட்டை எழுத்தில், 'ஆன்லைன்' என்று எறும்பு எழுத்தில் போடுகிறவர்களைப் பார்த்தாயிற்று தம்பி.

இரவு_வகுப்பு:
தம்பியா? எனக்கு மகளே கல்லூரியில் படிக்கிறாள்.

இரவுப்பணி:
இழையைத் திசை திருப்ப வேண்டாம். விசா என்று ஒருவர் கேட்டார். அமெரிக்க வேலை விசாவான எச்1பி-யில் பட்டம் குறைந்தால் மூன்று வருட அனுபவத்தை ஒரு வருடக் கல்லூரிக்குச் சமமாகக் கணக்கிட வழி இருக்கிறது. ஜெர்மனி 2023 நவம்பர் முதல், பட்டமே இல்லாத ஐடி ஆட்களுக்கும் மூன்று வருட அனுபவத்தையும் சம்பளத்தையும் பார்த்து ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதி தருகிறது. ஜோஹோ பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளைத் தன் பள்ளியிலேயே பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கிறது. பெரிய பெரிய அரசாங்கங்களே இறங்கி வந்துவிட்டன, கந்தன் மட்டும் வாசலில் சான்றிதழ் கேட்கிறார்.

கம்பைலர்_கந்தன்:
அதே எச்1பி-யில் அமெரிக்க மாஸ்டர்ஸ் படித்தவர்களுக்குத் தனியாக 20,000 இடம் இருப்பதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? ஜோஹோ உதாரணம் உங்களுக்கு எதிராகவே போகிறது. அவர்களும் உட்கார வைத்துப் பாடம்தானே நடத்துகிறார்கள்?

தூத்துக்குடி_டெர்மினல்:
நான் வேலை பார்த்துக்கொண்டே பிட்ஸ் பிலானியின் எம்.டெக். முடித்தேன். அலுவலகத்தில் ஒரு பைசா ஏறவில்லை, மேனேஜர் "ஓ, நல்லது" என்றார். ஆனால் டேட்டாபேஸ் உள்ளுக்குள் எப்படி ஓடுகிறது என்ற பாடம் படித்த பிறகுதான், தேடல் வேகமாக நடக்க நாங்கள் போட்ட இண்டெக்ஸை அது ஏன் சீண்டவே இல்லை என்று புரிந்தது. அதுவரை கண்ணில் பட்ட நெடுவரிசைக்கெல்லாம் இண்டெக்ஸ் போட்டுக்கொண்டிருந்தோம்.

இரவுப்பணி:
அதற்கு ஒரு புத்தகம் போதும். பழைய புத்தகக் கடையில் முந்நூறு ரூபாய்.

தூத்துக்குடி_டெர்மினல்:
வாங்கி வைத்திருந்தேன். பரீட்சை என்று ஒன்று இல்லாதவரை யார் திறந்தார்கள்?

இரவுப்பணி:
அது உங்கள் சோம்பேறித்தனம். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை: எழுதியவர் பிஎச்.டி.யா இல்லையா?

கம்பைலர்_கந்தன்:
பிஎச்.டி., பிஎச்.டி., பிஎச்.டி.! போதுமா? இப்போது நான் கேட்கிறேன். அந்தப் பிழை வெடிக்க, தேடும் பட்டியலில் (அரே) 107 கோடி உறுப்புகளாவது வேண்டும். முழு எண்களின் அரே என்றால் 4 ஜிபி. உங்கள் வங்கியில் அப்படி ஒன்றைப் பார்த்ததுண்டா? பார்த்ததே இல்லை என்றால், அந்த உங்கள் அனுபவம் எதைக் கற்றுக் கொடுத்தது? லோ + (ஹை - லோ) / 2 என்று எழுதினால் எல்லை தாண்டாது என்று முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

இரவுப்பணி:
பாருங்கள் கூத்தை! வெடிக்கவே வெடிக்காத பிழைக்காக என்னைக் கல்லூரிக்குப் போகச் சொன்னவர் இவர்தான். அதோடு, ஜாவாவில் போட்ட திருத்தம் நீங்கள் சொல்வது இல்லை. கூட்டுத்தொகையை மூன்று அம்புக்குறி (>>>) போட்டு ஒரு பிட் தள்ளுவது, மைனஸ் வராமல் பாதியாகிவிடும். உங்கள் முதல் வருடத்தில் அதைச் சொல்லவில்லையோ?

கம்பைலர்_கந்தன்:
இரண்டும் சரிதான். மூன்று அம்புக்குறி சி மொழியில் கிடையாது, அது தெரியுமா? போன வருடம் மைக்ரோசர்வீஸ் இழையில் வாங்கிய அடி இன்னும் ஆறவில்லை போல.

இரவுப்பணி:
அந்த இழையைப் பாதியில் விட்டு ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். இணைப்பு தரட்டுமா?

மகிழ்_டெஸ்டிங்:
நான் சேரலாமா வேண்டாமா என்று யாராவது சொல்லுங்களேன்.

நெல்லைப்_பொறியாளன்:
சேருங்கள். ஆனால் அது ஐஐடி இல்லை.

இரவு_வகுப்பு:
மறுபடியுமா?

இரவுப்பணி:
இந்தாருங்கள் மைக்ரோசர்வீஸ் இழை. நாற்பதாவது பதிவிலிருந்து படியுங்கள். கந்தன் அதிலும் இதே மாதிரிதான், கேட்டதை விட்டுவிட்டு சி மொழிக்குப் போனார்.