சாமி மேடையை எடுத்துவிட்டுத்தான் வீட்டைக் காட்டணுமா?

செந்தூல் பையன்:
கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அம்மாவின் லிங்க் வீட்டை (சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடு) விற்கப் போகிறோம். 30 வருஷத்துக்கு மேல் இருந்த வீடு. அம்மா இனி பூச்சோங்கில் தங்கச்சியோடு இருப்பார். நேற்று ஏஜெண்ட் வந்து பார்த்துவிட்டு மூன்று விஷயம் சொன்னார். வீடு முழுக்க வெள்ளைச் சாயம் அடிக்கணும், கிச்சனுக்குப் புதுக் கபினெட் போடணும், ஹாலில் இருக்கும் சாமி மேடையையும் அப்பாவின் மாலை போட்ட படத்தையும் எடுத்துவிடணும். எந்த இனத்தவர் வந்தாலும் தங்கள் வீடு மாதிரித் தெரியணுமாம். அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "வீடு விக்கிற வரைக்கும் சாமி எங்க போய் நிக்கும்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

முன்னாள் ஏஜெண்ட்:
அந்த ஏஜெண்ட் சொன்னது சரி தம்பி. 11 வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன். வருகிறவர் வீட்டில் நிற்பதே கால் மணி நேரம்தான். மாலை போட்ட படத்தைப் பார்த்தால் முதல் கேள்வியே "யார் இறந்தது, இந்த வீட்டிலா?" என்பதுதான். சீனர்கள் நேராகக் கேட்டுவிடுவார்கள். நம்மாட்கள் கேட்க மாட்டார்கள், வெளியே வந்து காரில் ஏறும்போது என்னிடம் மெதுவாகக் கேட்பார்கள். அப்புறம் திரும்பி வர மாட்டார்கள்.

ஜெலுத்தோங் அக்கா:
இப்படிப் பயமுறுத்தியே கமிஷன் வாங்குங்கள். பினாங்கில் என் வீட்டை விற்றபோது சாமி மேடை, மாமனார் படம், வாசலில் மாவிலைத் தோரணம், எல்லாம் அப்படியேதான் இருந்தது. வாங்கியது சீனக் குடும்பம். மேடை இருந்த அதே மூலையில் இன்று அவர்கள் சாமி இருக்கிறது. அந்த அம்மா குறை சொன்னது ஒன்றே ஒன்று: அடுப்புச் சுவரில் 20 வருஷத் தாளிப்பு எண்ணெய். அதைச் சோடா மாவு போட்டு இரண்டு நாள் தேய்த்தேன். தம்பி, தேய்க்க வேண்டியதைத் தேய். சாமியைத் தொடாதே. வந்த ஏஜெண்ட் கழுத்தில் ரென் அட்டை, அதாவது பதிவு பெற்ற வீட்டு ஏஜெண்டுக்கான அடையாள அட்டை, தொங்கியதா, அதில் இருக்கும் எண் உண்மைதானா, அதை முதலில் பார்.

முன்னாள் ஏஜெண்ட்:
ஒரு குடும்பம் வாங்கியது அக்கா. வாங்காமல் போன குடும்பங்கள் உங்களிடம் காரணம் சொல்லிவிட்டா போனார்கள்?

கொத்து வேலைக்காரன்:
சாமியை விடுங்கள். அந்தக் கபினெட் யோசனைதான் எனக்கு எரிச்சல். செந்தூலில் பழைய லிங்க் வீடு வாங்குகிறவர் பெரும்பாலும் உடைத்துக் கட்டத்தான் வாங்குகிறார். உங்கள் புதுக் கபினெட்டை என் ஆட்களே லாரியில் ஏற்றிக் குப்பைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கூட உரிக்காமல்.

வங்கி மதிப்பீட்டாளரும் கபினெட்டைப் பார்த்து விலை போடுவதில்லை. அதே வட்டாரத்தில் அண்மையில் கைமாறிய வீடுகளோடுதான் ஒப்பிடுவார். அவர் போடும் தொகைக்கு மேலே நீங்கள் கேட்டால், அந்த வித்தியாசத்தை வாங்குகிறவர் கைக்காசாகக் கட்டணும். யாரிடம் இருக்கிறது?

கூரை ஒழுகுகிறதா? அதைச் சொல்லுங்கள்.

செந்தூல் பையன்:
பின் அறை சீலிங்கில் ஒரு மஞ்சள் கறை இருக்கிறது அண்ணே. பெரிய மழைக்கு ஒரு சொட்டு. பின்னால் நீட்டிய கிச்சனுக்கு மாநகராட்சி அனுமதி வாங்கினாரா என்பதும் தெரியவில்லை, அப்பா காலத்து வேலை.

முன்னாள் ஏஜெண்ட்:
கறைக்குத் தடுப்புச் சாயம் இரண்டு கை அடித்துவிடு. பழைய வீட்டு ஒப்பந்தத்தில் உள்ளது உள்ளபடி விற்பதாகத்தான் எழுதுவார்கள். சோதித்துப் பார்ப்பது வாங்குகிறவர் வேலை.

கொத்து வேலைக்காரன்:
இதற்குப் பெயர் வீட்டைத் தயார் செய்வதா? நான் வீடு பார்க்கப் போனால் சாயந்திரம் நாலு மணிக்குத்தான் போவேன். நம் ஊரில் மழைக்கு அதுதானே நேரம். வீடு முழுக்கப் பழசாக இருந்து ஒரு சீலிங் மட்டும் பளிச்சென்று இருந்தால், அங்கேதான் முதலில் ஏணி போடுவேன். கூரை ஓடுகளை மாற்ற ஒரு நாள் வேலை. அதை விட்டுவிட்டுச் சுண்ணாம்பு பூசச் சொல்கிறீர்கள்.

ஜெலுத்தோங் அக்கா:
கிச்சன் அனுமதி விஷயத்தை வக்கீலிடம் இப்போதே கேட்டுவிடு. வங்கி ஆள் வந்த பிறகு கேட்டால் தலைவலி. நல்ல வேளை, வீடு விற்ற லாபத்துக்கான வரி உங்களுக்கு இல்லை. குடிமக்களுக்கு மூன்று வருஷத்துக்குள் விற்றால் 30%, ஆறாம் வருஷத்திலிருந்து ஒன்றுமில்லை. 2022 முதல் அப்படித்தான்.

செந்தூல் பையன்:
சனிக்கிழமை முதல் ஆள் வந்தது. கபினெட் போடவில்லை. ஹாலுக்கு மட்டும் சாயம். அப்பா படத்தை அம்மாவே அறைக்குள் கொண்டுபோனார். பயந்து இல்லை, "கண்டவங்க காலு படற இடத்துல அவரு எதுக்கு" என்று சொல்லி. மேடை அங்கேயேதான் இருந்தது, காலையில் விளக்கும் ஏற்றினார்.

வந்தது ஒரு மலாய்த் தம்பதி. மேடையைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. அவர் குழாயைத் திறந்து தண்ணீர் வேகம் பார்த்தார், ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பார்த்தார். அவர் மனைவி கரையான் மருந்து அடித்த ரசீது கேட்டார். பின் அறைக்குப் போனதும், நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா மலாயில் சொல்லிவிட்டார், பெரிய மழை வந்தால் இங்கே ஒரு வாளி வைக்கணும் என்று. எந்த வாளி என்றும் காட்டினார்.

நேற்று ஏஜெண்ட் போன் செய்தார். நாங்கள் கேட்டதில் 12,000 வெள்ளி (ரிங்கிட்) குறைத்துக் கேட்கிறார்கள், 2% முன்பணம் இந்த வாரமே கொடுக்கத் தயாராம்.

முன்னாள் ஏஜெண்ட்:
பார்த்தாயா, அந்த வாளி 12,000 வெள்ளி.

கொத்து வேலைக்காரன்:
ஓடு மாற்றியிருந்தால் அதில் கால்வாசிகூட ஆகியிருக்காது. இப்போதும் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. மாற்றிக் கொடுக்கிறேன், 5,000 குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார் தம்பி.

ஜெலுத்தோங் அக்கா:
கேள். கடனுக்கு வங்கியில் பேசிவிட்டார்களா என்றும் கேள். சரி, மேடையை எப்போது எடுக்கப் போகிறீர்கள்? ஆடி வருகிறது, அதற்கு முன்னால் ஒரு நல்ல நாள் பார்க்கச் சொல் அம்மாவை.

செந்தூல் பையன்:
பார்த்துவிட்டார் அக்கா. விலையே இன்னும் முடியவில்லை, நாள் குறித்துவிட்டார்.