பொருள்: மறுமொழி: கீப்பிங் பிளேஸ் – காப்பகமா, பேணகமா?

குழுவினருக்கு வணக்கம். 'கீப்பிங் பிளேஸ்' என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் எழுந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> 'சமூக ஆவணக் காப்பகம்' என்றே எழுதலாமே. ஏற்கெனவே புழங்கும் சொல்தானே?

ஐயா, புழங்குவதுதான் சிக்கல். ஆவணக் காப்பகம் என்றதும் அரசுக் கட்டடமும் அனுமதிச் சீட்டும் கண்முன் வந்து நிற்கின்றன. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் கீப்பிங் பிளேஸ் என்று சொல்வது, தங்கள் வட்டாரத்துப் பொருள்களையும் படங்களையும் கதைகளையும் தாங்களே வைத்திருந்து, எதை யாருக்குக் காட்டலாம் என்று தாங்களே முடிவு செய்யும் இடம்.

மத்திய ஆஸ்திரேலியாவின் அனங்கு மக்களுக்காக 1994இல் தொடங்கிய 'அரா இரிதிட்ஜா' திட்டத்தைப் பாருங்கள். பிட்ஜண்ட்ஜட்ஜரா மொழியில் அதற்கு 'நெடுங்காலத்துக்கு முந்தைய கதைகள்' என்று பொருள். மிஷனரிகளும் மானுடவியலாளர்களும் எடுத்த படங்களும் ஒலிப்பதிவுகளும் எங்கெங்கோ அருங்காட்சியகங்களில் கிடந்தன. அவற்றின் எண்ணிம (டிஜிட்டல்) பிரதிகள் ஊர் திரும்பின. படத்தில் இருப்பவர் யார், எந்த இடம் என்று மூத்தவர்கள் சொல்லச் சொல்லக் குறிப்புகள் சேர்ந்தன. ஆண்கள் மட்டும் பார்க்கத் தக்கவை தனி. பெண்களுக்கு உரியவை தனி. ஒருவர் இறந்துவிட்டால், துக்கம் ஆறும்வரை அவர் படத்தை மறைத்து வைக்கவும் வழி உண்டு. நம் நூலகர் ஒருவரிடம் சொன்னால், "காட்டாமல் வைக்கவா இத்தனை பாடு?" என்பார். காட்டாமல் வைப்பதும் அங்கே காப்புத்தான். நம் சொல் அதையும் தாங்க வேண்டும்.

> முகுர்த்து மென்பொருளின் பெயரைத் தமிழாக்க வேண்டுமா?

வேண்டாம், பெயர் பெயராகவே இருக்கட்டும். இப்படிப்பட்ட தொகுப்புகளைப் பூர்வகுடிகள் தாங்களே நிர்வகிக்க உதவும் மென்பொருள் அது. ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக் ஊரில் வருமுங்கு பூர்வகுடி மக்களுடன் சேர்ந்து 2007இல் உருவான எண்ணிமத் தொகுப்பிலிருந்து வளர்ந்தது. வருமுங்கு மொழியில் முகுர்த்து என்பது அரிய பொருள்களைப் பத்திரப்படுத்தும் பின்னல் பை. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது பாட்டியின் சுருக்குப்பை. கேட்டால் எடுத்துத் தருவாள். நாமாகக் கையை விட முடியாது. இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 'வட்டாரச் சுருக்குப்பை' என்று எந்த அலுவலகத்துக்கும் கடிதம் எழுத முடியாதே!

குழுவில் ஓர் அம்மையார் முன்மொழிந்த 'வைப்பகம்' வங்கிக் கணக்கை நினைவூட்டுகிறது. வெறும் 'காப்பகம்' என்றால் குழந்தைகளா முதியோரா என்று கேட்பார்கள். என் வாக்கு 'பேணகம்' என்பதற்கு. பேணுதலில் காத்தலும் உண்டு, மதித்தலும் உண்டு. பெற்றோரைப் பேணுகிறோம் என்கிறோம். அவர்களைப் பூட்டியா வைக்கிறோம்? கிளைச்சொற்களும் எளிதாக வரும்: பார்ப்பதற்கான மரபு வரையறைகள் 'பேணுநெறி', பொறுப்பாளர் 'பேணுநர்'.

பேணுநருக்குப் பதில் 'காப்பாட்சியர்' போதும் என்று யாரேனும் சொல்வீர்கள். அது அருங்காட்சியகப் பதவி, நியமனத்தால் வருவது. கீப்பிங் பிளேஸிலோ பொறுப்பு உறவுமுறையாலும் பிறந்த மண்ணாலும் வருகிறது. இந்த வேறுபாட்டைக் காட்டும் இன்னும் நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், பேணுநரை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பேணகத்தை மட்டும் அவ்வளவு எளிதில் விட மாட்டேன்.