சியரா லியோன்: அங்க பார்த்ததுல இன்னும் மனசை விட்டுப் போகாத ஒண்ணு

டவர் வேலை, மதுரை

மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கிற இந்த நாட்டுல, வைரத்தை வித்து ஆயுதம் வாங்கின கிளர்ச்சிக்காரங்களுக்கும் அரசாங்கத்துக்கும் 1991-லேர்ந்து 2002 வரைக்கும் நடந்த போரைப் பத்தி எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன். 2009, கோனோ மாவட்டம், கொய்டு. செல்போன் டவர் போடப் போயிருந்தோம். போர் முடிஞ்சு ஏழு வருஷம் ஆகியும் ஊரைச் சுத்தி தோண்டிப் போட்ட குழிங்கதான். பழுப்புத் தண்ணியில இடுப்பளவு நின்னுக்கிட்டுப் பசங்க சல்லடையில சரளை அலசுவாங்க. சோறும் கொஞ்சம் சில்லறையும் கூலி, வைரக் கல்லு கிடைச்சா பங்கு.

கொண்டு போன சட்டையெல்லாம் செம்மண்ணு ஏறிப் போச்சு. சந்தையில ஒரு தையல் கடைக்குப் போய் துணியைக் கொடுத்து "ஷார்ட் ஸ்லீவ்"னு சொன்னேன். என் இங்கிலீஷ் அவருக்குப் புரியலையோன்னு, வலது கையைக் கத்தி மாதிரி வெச்சு இடது முழங்கைக்கு மேல ஒரு வெட்டு வெட்டிக் காட்டினேன். நம்மூர் தையக்காரர்கிட்ட காட்டுவோமே, அப்படித்தான்.

மெஷின் சத்தம் நின்னுச்சு. மூலையில உட்கார்ந்து பட்டன் தைச்சுக்கிட்டிருந்த பொண்ணு துணியைக் கீழ வெச்சுட்டு எழுந்து வெளிய போயிடுச்சு. தையக்காரர் டேப்பை எடுத்து, ஒரு வார்த்தை பேசாம என் கையை அளந்தார்.

திரும்பி வரும்போது டிரைவர்தான் சொன்னார். கிளர்ச்சிக்காரங்க ஆளைப் பிடிச்சு நிறுத்தி, ஷார்ட் ஸ்லீவா லாங் ஸ்லீவான்னு கேட்பாங்களாம். ஷார்ட்னா முழங்கைக்கு மேல. லாங்னா மணிக்கட்டு. 1996 தேர்தல் சமயத்துல ஓட்டுப் போடுற கையே இருக்கக் கூடாதுன்னு வெட்டினாங்களாம்.

நம்ம பேச்சுலயும் அது "அரைக்கை"தான். இன்னிக்கும் துணிக்கடையில அந்த வார்த்தை எனக்கு வாயில வரமாட்டேங்குது. பையனுக்குச் சட்டை எடுக்கும்போது கையைத் தொட்டுக் காட்டிட்டு நின்னுடுவேன்.

ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர்

தம்பி எழுதினதைப் படிச்ச பிறகுதான் எழுதத் தோணுச்சு. இதை வீட்டுல கூட நான் சொன்னதில்லை.

2000-ஆம் வருஷம், ஐ.நா. படையில இருந்தேன். நாட்டோட கிழக்குல தாரு முகாம், சப்ளை வண்டி. அரசாங்கமும் கிளர்ச்சிக்காரங்களும் செஞ்ச லோமே சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒரு வருஷம் கூட ஆகலை. ஆயுதத்தைக் கிளர்ச்சிக்காரங்களே முகாமுக்குக் கொண்டு வந்து ஒப்படைக்கணும், நாங்க பிடுங்கக் கூடாது. உத்தரவு அதுதான்.

ரோட்டுல குறுக்கே மூங்கில் போட்டு ஒரு செக்போஸ்ட். ஒரு பையன் வந்தான், பத்துப் பதினோரு வயசுக்கு மேல இருக்காது. ஏ.கே. துப்பாக்கி முழங்காலுக்குக் கீழ தொங்குது. பிஸ்கட் கேட்டான், கொடுத்தேன். அப்பதான் அவன் ரப்பர் செருப்போட வார் பிச்சுக்கிச்சு. என்ன செஞ்சான் தெரியுமா, துப்பாக்கியைக் கழட்டி, "பிடி"ங்கற மாதிரி என் கையில கொடுத்துட்டு, ரோட்டுல குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஒரு கம்பித் துண்டால வாரைக் கட்ட ஆரம்பிச்சான். நாக்கைத் துருத்திக்கிட்டு, அவ்வளவு கவனமா.

ஒரு நிமிஷம் இருக்கும். லோடு பண்ணின துப்பாக்கி என் கையில இருந்துச்சு. செருப்பைக் கட்டி முடிச்சு எழுந்து கையை நீட்டினான். கொடுத்துட்டேன்.

கொஞ்ச நாள்ல, மே மாசம், கைலாஹுன் ஊர்ல எங்க இந்தியப் படை ஆளுங்க 200 பேருக்கு மேல கிளர்ச்சிக்காரங்களால சுத்தி வளைக்கப்பட்டாங்க. 75 நாள் கழிச்சு, ஜூலையில ஆபரேஷன் குக்ரின்னு ஒரு ராணுவ நடவடிக்கை நடத்தித்தான் வெளிய கொண்டு வந்தோம். அந்தப் பையன் அப்ப எந்தப் பக்கம் நின்னானோ, உயிரோட இருந்தானோ. உத்தரவுப்படி நான் செஞ்சது சரிதான். ஆனா அந்த ஒரு நிமிஷம் அடிக்கடி கண்ணு முன்னாடி வருது. எல்லாம் அந்தக் கல்லால வந்த வினை.

பராமரிப்பு இல்லத்தில வேலை, லண்டன்

ஐயா, உங்கட வேதனை விளங்குது. ஆனா "எல்லாம் கல்லால" எண்டு சொல்லாதேங்கோ. கல் மண்ணுக்குள்ள எத்தினையோ கோடி வருசமாக் கிடந்தது. போருக்கு முன்னம் அங்க ஜனாதிபதியா இருந்த சியாக்கா ஸ்டீவன்ஸ் ஒரு கட்சி ஆட்சி எண்டு கொண்டுவந்து, நாட்டைத் தன்ர ஆக்களுக்குப் பங்கு போட்டு, பெடியளுக்குப் படிப்பும் இல்லை வேலையும் இல்லை எண்டு விட்டதை மறக்கலாமே? போருக்குப் பிறகு அதை விசாரிச்ச அங்கத்தை உண்மை ஆணைக்குழுவும் அதைத்தான் எழுதினது: ஊழலும் பேராசையும்தான் காரணம், வைரம் எரியிற நெருப்புக்கு எண்ணெய். பக்கத்து நாட்டு ஜனாதிபதியா இருந்த சார்ல்ஸ் டெய்லர் லைபீரியாவில இருந்து கல்லுக்கு ஆயுதம் குடுத்தவர், உண்மைதான். ஆனா ஆயுதம் தூக்க ஆக்கள் வேணுமெல்லோ. அந்தப் பெடியளை ஆர் உருவாக்கினது?

என்ர கதை சின்னன். என்னோட வேலை செய்யிற அக்கா, சியரா லியோன் தலைநகர் ஃப்ரீடவுன் கிழக்குப் பக்கம். 1999 ஜனவரி 6, கிளர்ச்சிக்காரர் நகரத்துக்குள்ள வந்தண்டு, வீடு எரிஞ்சு, உடுத்த உடுப்போட ஓடின ஆள். 2012 ஏப்ரல் 26, டெய்லருக்குத் தீர்ப்பு. எங்கட ஓய்வறையில டீவி ஓடுது. நான் அவவைக் கூப்பிட்டு இருத்தினன், அவ சந்தோசப்படுவா எண்டு நினைச்சு. தீர்ப்பு வாசிக்கத் தொடங்க அவ எழும்பி டீவியை நிப்பாட்டிப்போட்டு, கேத்திலை வைச்சா. "ஏனக்கா?" எண்டு கேட்டன்.

"எங்கட வீட்டைக் கொளுத்தினவன் அம்மா இருக்கிற இடத்துக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிறான். ஃபோன் கார்ட் விக்கிறான். அம்மா அவனிட்டத்தான் வாங்கிறவ" எண்டா. பிறகு எனக்குச் சீனி எத்தினை கரண்டி எண்டு கேட்டா.

இந்தப் போர்க்குற்றங்களை விசாரிச்ச சிறப்பு நீதிமன்றம் 13 பேரில குற்றம் சாட்டி 9 பேருக்குத் தண்டனை குடுத்தது. மிச்ச ஆயிரக்கணக்கான ஆக்களுக்கு லோமே ஒப்பந்தத்தில குடுத்த பொதுமன்னிப்பு. டெய்லருக்கு 50 வருசம், இப்ப இஞ்ச இங்கிலாந்துச் சிறையிலதான் இருக்கிறார். எனக்கு அந்தக் கேத்தில் சத்தம்தான் ஞாபகம்.

வைரக் கணக்கு

2001-ல சூரத்துல ஒரு வைரப் பட்டறையில கணக்கு எழுதினேன். வயசான ஒரு தரம் பிரிக்கிறவர், பொட்டலத்தைப் பிரிச்சு லென்ஸ்ல பார்த்துட்டு "ஆத்துக்கல்லு"ன்னார், ஆத்து மண்ணுல அலசி எடுத்ததுன்னு அர்த்தம். எந்த ஆறுன்னு கேட்டேன். பொட்டலத்தை மடிச்சு வெச்சுட்டார். அவ்வளவுதான்.

படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கடையில போய் "கிம்பர்லி சான்றிதழ் இருக்கா"ன்னு கேட்டுட்டு நிம்மதியா வந்துடாதீங்க. ரத்த வைரத்தைத் தடுக்க நாடுங்க சேர்ந்து 2003-ல கொண்டு வந்த ஏற்பாடுதான் கிம்பர்லி, அந்தச் சான்றிதழ் பட்டை தீட்டாத கல்லு நாடு விட்டு நாடு போறப்ப மூட்டைக்குக் கொடுக்கிறது. உங்க மோதிரக் கல்லுக்குத் தனியா அப்படி ஒரு தாள் கிடையாது. கடைக்காரர் காட்டுறது பெரும்பாலும் ஆய்வுக்கூடச் சான்றிதழ். அது நிறமும் சுத்தமும் எடையும் சொல்லும், தோண்டினவன் யாருன்னு சொல்லாது. பில்லுல "மோதல் அற்றது"ன்னு ஒரு வரி இருந்தா, அது விக்கிறவங்க கொடுக்கிற உறுதிமொழி. அதோட, கிம்பர்லி கணக்குல ரத்த வைரம்னா அரசாங்கத்தை எதிர்த்துப் போராடுற கிளர்ச்சிப் படைக்குக் காசு தர்ற கல்லு மட்டும்தான். ராணுவமே அடிச்சுப் பிடுங்கினாலும், குழந்தை தோண்டினாலும் அதுல வராது. கல்லு எந்தச் சுரங்கம்னு எழுத்துல கேளுங்க. சொல்ல முடியலைன்னா வேற கடை பாருங்க. ஆய்வுக்கூடத்துல வளர்த்த கல்லும் வைரம்தான், அதையும் யோசிங்க. 2017-ல கோனோவுல ஒரு போதகரோட ஆளுங்க 709 காரட் கல்லு எடுத்தாங்களே, அதை அவர் அரசாங்கத்துகிட்டயே ஒப்படைச்சார். நியூயார்க்குல 65 லட்சம் டாலருக்குப் போச்சு. நேர் வழியில வித்தா ஊருக்கும் பங்கு கிடைக்கும்னு காட்டினது அது.

லேப் டெக்னீஷியன், நாகர்கோவில்

சார், இங்க யாரும் மோதிரம் வாங்க வழி கேட்கலை. லண்டன்ல இருந்து எழுதினதுக்குக் கீழ இதைப் படிக்கக் கஷ்டமா இருந்துச்சு.

நான் போனது எபோலாவுக்கு. 2014 கடைசி, கெனிமா. 1991-ல போர் தொடங்கின அதே கைலாஹுன் பக்கம்தான் நோயும் முதல்ல வந்துச்சு. அந்த நாட்டுல கிட்டத்தட்ட 4,000 பேர் போயிட்டாங்க. எங்க பார்த்தாலும் வாசல்ல குளோரின் தண்ணி வாளி, கீழ குழாய். கை கழுவாம யாரும் உள்ள போக முடியாது.

காலையில வரிசை நின்னுச்சு. ஒரு பெரியவர் வந்தார், நீளச் சட்டை, கை ரெண்டும் சட்டைக்குள்ள. காவலுக்கு நின்ன பையன் சின்ன வயசு, போர் முடிஞ்ச பிறகு வளர்ந்தவன். நிமிர்ந்து பார்க்காம "கை கழுவுங்க"ன்னான். பெரியவர் பல்லால சட்டைக் கையை மேல இழுத்தார். ரெண்டு மணிக்கட்டும் இல்லை. முழங்கையால குழாயைத் தள்ளித் திறந்து, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுத் தேய்ச்சுக் கழுவினார். அவசரமே படலை. பின்னாடி நின்ன அத்தனை பேரும் காத்திருந்தாங்க. பையன் குழாயை மூடிவிட்டான்.

அவர் எதுக்கு வந்தார்னு நான் கேட்கலை. மகள் உள்ள இருந்தாளாம், அப்புறம் தெரிஞ்சுது.

மதுரை அண்ணே, ஒண்ணு கேட்கணும். அந்தச் சட்டையை வாங்கினீங்களா?

டவர் வேலை, மதுரை

வாங்கினேன் தம்பி. நாலு நாள் கழிச்சுப் போனேன், போகக் காலே வரலை. தையக்காரர் இல்லை. அந்தப் பொண்ணுதான் இருந்துச்சு. கடைசி பட்டனை என் முன்னாடியே தைச்சு, நூலைப் பல்லால கடிச்சுட்டு, மடிச்சுக் கொடுத்துச்சு. "ஹவ் டி பாடி?"ன்னு கேட்டுச்சு. அங்க எல்லாரும் எல்லாரையும் கேட்கிறதுதான், உடம்பு எப்படி இருக்குன்னு.

"பாடி ஃபைன்"னு சொன்னேன். மன்னிப்புக் கேட்கணும்னு நினைச்சுக்கிட்டே போனேன், கேட்க வரலை. காசைக் கொடுத்துட்டு வந்துட்டேன்.