வெளியூர் அரை மாரத்தானில் தண்ணீரும் வழிகாட்ட ஆளும் இல்லாமல் போனால் என்ன செய்வது?

கேள்வி: சேலம் ஓட்டக்காரர்

வணக்கம். நான் சேலத்தில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். வயது 43. நான்கு ஆண்டுகளாக ஓடி வருகிறேன். இதுவரை ஆறு அரை மாரத்தான்களை முடித்திருக்கிறேன். கடந்த மாதம் மதுரையில் ஓர் அரை மாரத்தானில் ஓடுவதற்காகக் கணவருடன் முதல் நாளே பேருந்தில் வந்து, பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகில் அறை எடுத்துத் தங்கினேன். மதுரையில் எங்களுக்கு உறவினரோ நண்பரோ கிடையாது.

காலை 5 மணிக்குத் தொடங்கும் என்று அறிவித்த ஓட்டம், சிறப்பு விருந்தினர் வரவேண்டும் என்று காத்திருந்து 6.05 மணிக்குத்தான் தொடங்கியது. தல்லாகுளத்திலிருந்து அழகர்கோவில் சாலையில் சென்று, அப்பன்திருப்பதிக்கு முன்பாகத் திரும்பி, அதே வழியில் வந்து முடிக்க வேண்டும். திரும்பும் இடத்தில் தன்னார்வலரும் இல்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை. எனக்கு முன்னால் ஓடிய பத்துப் பதினைந்து பேர் ஓரிடத்தில் திரும்பியதைப் பார்த்து நானும் திரும்பிவிட்டேன். வரும் வழியில் கடச்சனேந்தல் அருகே இருந்த தண்ணீர் மேசையில் காலிக் கேன்கள் மட்டுமே இருந்தன. அடுத்த மேசையையே எடுத்துவிட்டிருந்தார்கள். கைப்பேசியையும் பணத்தையும் பையோடு தொடக்க இடத்தில் ஒப்படைத்திருந்ததால் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கக்கூட வழியில்லை. சாலையோரம் இட்லிக்கடை வைத்திருந்த ஓர் அம்மா, நான் நின்ற நிலையைப் பார்த்துத் தாமாகவே ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். அதன் பிறகும் உடம்பு சிலிர்த்துக்கொண்டே இருந்தது. கைக்கடிகாரத்தில் தெரிந்த எண்களைச் சட்டென்று புரிந்துகொள்ள முடியவில்லை. ஆனாலும் ஓடி முடித்தேன்.

கடிகாரம் காட்டிய தூரம் 19.4 கிலோமீட்டர். சான்றிதழில் 21.1 கிலோமீட்டர் என்றும், என் வாழ்நாளிலேயே சிறந்த நேரம் என்றும் அச்சாகி இருக்கிறது. அதை வீட்டில் மாட்டி வைக்க மனம் ஒப்பவில்லை. நான் அறிய விரும்புவது மூன்று: தண்ணீர் தீர்ந்த இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டுமா? இந்தச் சான்றிதழை என்ன செய்வது? அமைப்பாளர்களிடம் எதை, எந்த முறையில் கேட்பது?

பதில் 1: மதுரைவாசி

அம்மா, முதலில் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். நீங்கள் ஓடியது நான் இருபது ஆண்டுகளாக ஓடும் சாலை. சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் மலையிலிருந்து இறங்கி மதுரைக்கு வரும் வழி அதுதான். மூன்றுமாவடியில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு மக்கள் கூடும் நாளில் அந்தச் சாலை நெடுக நீர்மோர்ப் பந்தல் போட்டு, முன்பின் தெரியாதவரையும் கையைப் பிடித்து நிறுத்திப் பானகம் கொடுப்பார்கள். அதே சாலையில் கட்டணம் செலுத்தி ஓட வந்த ஒரு விருந்தாளிக்குத் தண்ணீர் இல்லை என்று படித்தபோது, இந்த ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. உங்களுக்குச் சொம்பு நீட்டிய அந்த அம்மாதான் ஊரின் மானத்தைக் காத்திருக்கிறார்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: ஆம், நின்றிருக்க வேண்டும். உள்ளூர்க்காரருக்கு எந்தக் கடை ஆறு மணிக்குத் திறக்கும், எந்தக் கோவில் வாசலில் குழாய் இருக்கிறது என்பது தெரியும்; வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும், யாராவது வண்டியோடு வந்துவிடுவார்கள். வெளியூரிலிருந்து வருபவருக்கு இவை எதுவும் கிடையாது. ஆகவே அமைப்பாளர் செய்யும் ஒவ்வொரு குறையும் உங்களைப் போன்றவர்கள் மீதுதான் முழு எடையோடு விழுகிறது. அந்தச் சாலையில் அழகர்கோவிலுக்கும் நகருக்கும் இடையே பேருந்துகள் ஓடுகின்றன. நெஞ்சில் ஓட்ட எண் குத்தியிருக்கும் ஒருவர் கைகாட்டி, உடம்பு சரியில்லை என்று சொன்னால் ஏற்றிக்கொள்ளாத நடத்துநரை நான் இங்கே பார்த்ததில்லை.

இனி எந்த ஊருக்கு ஓடப் போனாலும், முதல் நாள் மாலையில் ஆட்டோவிலோ நகரப் பேருந்திலோ அந்தப் பாதையில் ஒரு முறை போய் வாருங்கள். திரும்பும் இடத்தைக் கண்ணால் பார்த்து, அங்கே இருக்கும் கடையையோ மரத்தையோ மனத்தில் பதித்துக்கொண்டால், மறுநாள் முன்னால் ஓடுபவர் தவறாகத் திரும்பினாலும் நீங்கள் திரும்ப மாட்டீர்கள். நூறு ரூபாய்த் தாள் ஒன்றைச் சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். கைப்பேசியைப் பையோடு ஒப்படைக்கவே ஒப்படைக்காதீர்கள். உங்கள் கணவர் முடிவிடத்திலேயே காத்திருப்பதைவிட, பாதையில் பதினான்கு அல்லது பதினைந்தாவது கிலோமீட்டர் அருகே ஒரு பாட்டில் தண்ணீரோடு நின்றால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 2: ஓடும் மருத்துவர்

சகோதரி, உங்கள் பதிவில் மற்றவர்கள் கவனிக்காமல் போகக்கூடிய ஒரு வரி என்னைக் கலங்க வைத்தது. கடிகாரத்தின் எண்கள் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வெயிலில் நெடுநேரம் ஓடும் ஒருவருக்குச் சிந்தனை தடுமாறுவது வெறும் களைப்பின் அடையாளம் அன்று. உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும்போது மூளைதான் முதலில் அதைக் காட்டிக்கொடுக்கும். பேச்சுக் குழறுவது, காரணமில்லாமல் எரிச்சல்படுவது, நேராக நடக்க முடியாமல் தள்ளாடுவது ஆகிய எல்லாம் இதில் அடங்கும். வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நம்புகிறார்கள். ஓட்டக்காரர்களுக்கு வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே அது வரலாம். வாயிலோ அக்குளிலோ வைக்கும் வெப்பமானி இந்த நிலையில் குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும் என்பதால், அந்த எண்ணை நம்பி ஆறுதல் அடையவும் கூடாது.

பக்கத்தில் ஓடுபவர் இப்படி ஆனால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சும்மா இருக்காமல் உடனே குளிர்விக்கத் தொடங்குங்கள். நிழலில் கிடத்தி, கிடைக்கும் தண்ணீரையெல்லாம் உடல் முழுவதும் ஊற்றி விசிற வேண்டும். பக்கத்து மீன்கடையிலோ பழச்சாற்றுக் கடையிலோ பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்க வேண்டும். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்கு முன்பே குளிர்விப்பதுதான் உயிரைக் காக்கிறது. நினைவு தடுமாறியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. ஒரு மேசையில் தண்ணீர் கிடைக்கவில்லை என்ற பயத்தில் அடுத்த மேசையில் மூன்று பாட்டில்களைக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவும் மயக்கத்திலும் வலிப்பிலும் முடியலாம். தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும். உப்பு சர்க்கரைக் கரைசல் எடுத்துச் செல்பவர்கள், ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைச் சிறு பாட்டிலில் கொட்டிக் கெட்டியாகக் கலக்காமல், உறையில் அச்சிட்டிருக்கும் அளவைப் பின்பற்ற வேண்டும்.

ஓட்டத்தைப் பாதியில் விடுவது அவமானம் என்று நினைக்காதீர்கள். 2007 அக்டோபரில் சிகாகோ மாரத்தான் அன்று கடும் வெப்பம். தண்ணீர்த் தட்டுப்பாடு குறித்துப் பலரும் முறையிட்டார்கள். உலகின் மிகப் பெரிய ஓட்டங்களில் ஒன்றான அதையே அமைப்பாளர்கள் நடுவில் நிறுத்தினார்கள். ஆறு அரை மாரத்தான்களை முடித்த நீங்கள் ஏழாவதில் நின்றால் எதுவும் குறைந்துவிடாது.

பதில் 3: முன்னாள் அமைப்பாளர்

நான் தென் மாவட்டங்களில் சில சிறிய ஓட்டங்களை நடத்தும் குழுவில் இருந்தவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறிய ஓட்டங்களை நடத்துபவர்கள் பெரும்பாலும் ஆர்வலர்கள்தாம். வருவதாகச் சொன்ன கல்லூரி மாணவர்களில் பாதிப்பேர் ஞாயிறு அதிகாலையில் வராமல் போவது எங்களுக்கும் நடந்திருக்கிறது. மாநகர எல்லையைத் தாண்டும் பாதை என்றால் மாநகரக் காவல், மாவட்டக் காவல் ஆகிய இரண்டின் ஒத்துழைப்பையும் பெற வேண்டும். அதற்கே வாரங்கள் கழிந்துவிடும். இவ்வளவும் உண்மை. ஆனால் சிறப்பு விருந்தினருக்காக அறுபத்தைந்து நிமிடங்கள் தாமதித்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் கடைசியில் ஓடி வருபவரின் தலையில் வெயிலாக இறங்குகிறது.

தூரத்தைப் பற்றிச் சொல்கிறேன். அரை மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். முறையாக நடத்துபவர்கள் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்திய மிதிவண்டியால் பாதையை அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாகவும் சேர்ப்பார்கள், அதாவது ஏறத்தாழ 21 மீட்டர். கைக்கடிகாரத்தின் ஜி.பி.எஸ். துல்லியமானது அன்று, ஆனாலும் திறந்த நெடுஞ்சாலையில் 1.7 கிலோமீட்டரைத் தொலைக்கும் அளவுக்குத் தவறாது. ஆகவே நீங்கள் இடையிலேயே திரும்பியிருக்கிறீர்கள் என்பது உறுதி. திரும்பும் இடத்தில், ஓட்டக்காரர் அணியும் நேரம் கணக்கிடும் சிப்பைப் பதிவு செய்யும் மின்னணுப் பாய் விரித்திருந்தால் கணினியே அதைக் கண்டுபிடித்திருக்கும். விரிக்கவில்லை என்பது உங்கள் சான்றிதழிலிருந்தே தெரிகிறது.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் மாரத்தானின் பாதை 2013 முதல் 2015 வரை மூன்று ஆண்டுகளும் 380 மீட்டர் குறைவாக இருந்தது என்று பின்னர் தெரியவந்தபோது, ஏறக்குறைய 24,000 பேரின் நேரங்கள் செல்லாமல் போயின. எனவே உங்கள் நேரத்தைத் திருத்தும்படி நீங்களே எழுதிக் கேளுங்கள். வேறொரு பெரிய ஓட்டத்தில் தொடக்க வரிசையில் இடம் பெற இந்த நேரத்தைக் காட்டாதீர்கள். வேகமானவர்கள் நடுவே சிக்கிக்கொள்வீர்கள்.

மதுரைவாசி (மீண்டும்)

ஐயா, மாணவர்கள் வராமல் போகலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் வந்த தண்ணீர் மேசையை, கடைசி ஓட்டக்காரர் கடக்கும் முன்பே எடுத்தது ஆள் பற்றாக்குறையால் அன்று. அக்கறை இருந்திருந்தால் ஒரே ஒரு சரக்கு ஆட்டோவில் இருபது கேன்களை ஏற்றி, கடைசியாக ஓடுபவருக்குப் பின்னால் மெதுவாக ஓட்டி வந்தாலே போதுமாக இருந்திருக்கும். ஆர்வலர்கள் என்பதால் கட்டணத்தைக் குறைத்து வாங்கட்டும், எண்ணிக்கையைக் குறைக்கட்டும். தண்ணீரைக் குறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பதில் 4: வழக்குரைஞர்

கட்டணம் பெற்றுக்கொண்டு அளிக்கும் சேவையில் குறை இருந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையிடலாம். நீங்கள் வசிக்கும் சேலத்திலேயே, அங்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு அளிக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. இதற்காக மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. கால வரம்பு இரண்டு ஆண்டுகள். நீங்கள் செலுத்திய தொகை ஐந்து இலட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் மனுக் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம். பதிவின்போது நீங்கள் ஒப்புக்கொண்ட பொறுப்புத் துறப்பு வாசகத்தைக் கண்டு தயங்காதீர்கள். விளம்பரத்தில் உறுதியளித்த தண்ணீரைத் தராமல் இருப்பதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது என்பது என் கருத்து.

ஆயினும் முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். நடந்ததை நேரத்தோடும் இடத்தோடும் குறிப்பிட்டு, விளம்பரத்தின் படம், கடிகாரத்தின் பதிவு, கட்டண ரசீது ஆகியவற்றை இணையுங்கள். கோபச் சொல் ஒன்றும் வேண்டாம்.

சேலம் ஓட்டக்காரர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் எழுதியதைப் படித்த பிறகுதான் அன்று எவ்வளவு ஆபத்தான இடத்தில் நின்றேன் என்பது புரிந்தது. என் கணவர் அதை இரண்டு முறை படித்தார். கடிதத்தை அனுப்பிவிட்டேன். நேரத்தை நீக்க ஒப்புக்கொண்டு பதில் வந்திருக்கிறது. கட்டணம் பற்றியும் அடுத்த ஆண்டுத் தண்ணீர் ஏற்பாடு பற்றியும் ஒரு சொல்லும் இல்லை. பதினைந்து நாட்கள் பார்த்துவிட்டு 1915-இல் பதிவு செய்வேன்.

பொங்கல் விடுமுறையில் மீண்டும் மதுரைக்கு வருகிறோம். அந்தச் சாலையில் 21.1 கிலோமீட்டரை முழுமையாக, பந்தயம் இல்லாமல், ஓடிப் பார்க்க விரும்புகிறேன். மதுரைவாசி ஐயா, அங்கே அதிகாலையில் யாராவது சேர்ந்து ஓடுகிறார்களா?

மதுரைவாசி

ஓடுகிறோம் அம்மா. வரும் தேதியை இரண்டு நாட்களுக்கு முன் இங்கேயே எழுதுங்கள். தல்லாகுளம் பெருமாள் கோவில் வாசலில் நாலரை மணிக்குப் புறப்படலாம். என் தம்பி இருசக்கர வண்டியில் தண்ணீரோடு கூடவே வருவான். கடச்சனேந்தலில் அந்த இட்லிக்கடையைக் கண்டுபிடித்து வைக்கிறேன்.