நுவரெலியாக் குளிரில் அரேகா பாம் விதைகளை முளைக்க வைப்பது எப்படி?

குழு உறவுகளுக்கு வணக்கம். கண்டியிலுள்ள உறவினர் வீட்டிலிருந்து கிடைத்த, நன்கு பழுத்த அரேகா பாம் (அழகுக்கு வளர்க்கும் பனைவகைச் செடி) பழங்களின் சதையை நீக்கி, விதைகளை இரண்டு நாள் ஊறவைத்து, ஈரத் தும்புத்தூளுடன் பொலித்தீன் பையில் கட்டி வைத்துள்ளேன். மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இந்த இனத்தின் விதைகள் 27 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில்தான் நன்கு முளைக்கும். 1,800 மீற்றருக்கு மேல் உயரமான எங்கள் நுவரெலியாவிலோ பகலிலேயே 20 பாகையை ஒட்டித்தான் இருக்கிறது, தை மாத இரவைச் சொல்லவே வேண்டாம். ஒரு விதையை வெட்டிப் பார்த்தபோது உள்ளே வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருந்தது. வெளியே நார் ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

பையைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தால் போதுமா, அல்லது ரெஜிபோம் பெட்டிக்குள் பழைய குண்டு மின்குமிழை எரியவிடுவது நல்லதா? முளைவேர் தெரிந்ததுமே சாடிக்கு மாற்றலாமா, முதல் இலை வரும்வரை பொறுக்க வேண்டுமா? தேயிலைத் தவறணையில் கைபழகியவர்கள் இக்குழுவில் பலர் இருப்பதால், அவர்களின் கருத்தை முக்கியமாக எதிர்பார்க்கிறேன்.

மெக்சிக்கோ, குவாத்தமாலாக் காடுகளின் நிழலில் வளரும் பார்லர் பாம் என்ற இன்னொரு அழகுப் பனை நம் குளிரை இன்னும் நன்றாகத் தாங்கும் என்பது என் எண்ணம். பார்லர் பாமில் ஆண், பெண் பூக்கள் தனித்தனிச் செடிகளில் பூப்பதால், ஆண் செடி, பெண் செடி இரண்டையும் வளர்த்துப் புதிய விதை எடுத்தவர்கள் ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் இருந்தால் தயவுசெய்து அறியத் தாருங்கள்.