அடிப்படைப் பயிற்சிக்குப் பிறகு எந்த மரபு வில்லை வாங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பயிற்சி மையம் ஒன்றில் வில்வித்தையின் அடிப்படைப் பாடத்தை முடித்திருக்கிறேன். அங்கே கழற்றி மாட்டக்கூடிய, 24 பவுண்டு இழுவிசை கொண்ட ரிகர்வ் வில்லில் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்), சைட் எனும் குறிபார்க்கும் கருவி பொருத்தி, 18 மீட்டர் தொலைவில் எய்து பழகினேன். இனி சைட், ஸ்டெபிலைசர் (வில்லின் அசைவைக் குறைக்கும் தண்டு) எதுவுமற்ற மரபு வில் ஒன்றைச் சொந்தமாக வாங்க விரும்புகிறேன். ஆங்கிலேய நெடுவில், துருக்கிய, கொரிய பாணிக் குறுவில்கள் எல்லாமே ஈர்ப்பதால் முடிவெடுக்க இயலவில்லை. என் இழுநீளம், அதாவது நான் நாணை முழுதாக இழுக்கும் தொலைவு, 29 அங்குலம். விற்பனையாளர் ஒருவர், 45 பவுண்டுக்குக் குறைவானது விளையாட்டுச் சாமான் என்கிறார். நான் வசிப்பது ஈரக்காற்று மிகுந்த கடலோர ஊர் என்பதையும் கருத்தில் கொண்டு ஆலோசனை கூற வேண்டுகிறேன்.

பதில் 1

விற்பனையாளர் சொன்னதை மறந்துவிடுங்கள். வில்லில் எழுதப்பட்டிருக்கும் பவுண்டு எண், பெரும்பாலும் 28 அங்குலம் இழுத்த நிலையில் அளந்தது. அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறக்குறைய 2 முதல் 3 பவுண்டு கூடுவதால், 45 என்று எழுதிய வில் உங்கள் கையில் 47 அல்லது 48 ஆகிவிடும். அவ்வளவு விசையை இழுக்க முடிவது வேறு, இழுத்த நிலையில் தோள் நடுங்காமல் நின்று விரல்களைச் சீராக விடுவது வேறு. சைட் இல்லாமல் குறிபார்க்கக் கற்பதற்கு ஒரே நிலைக்கு மீண்டும் மீண்டும் வந்து சேரும் உடல் தேவை. அதிக விசை முதலில் கெடுப்பது அதைத்தான். 28 முதல் 32 பவுண்டுக்குள் நின்றுகொள்ளுங்கள்.

1545இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலிலிருந்து எடுக்கப்பட்ட யூ மர வில்களில் பல 100 பவுண்டைத் தாண்டியவை என்று படித்துவிட்டுக் கனமான வில்லைத் தேடுவோர் உண்டு. அவற்றை இழுத்தவர்கள் சிறுவயதிலிருந்தே அதற்கெனப் பழகியவர்கள்.

பதில் 2

பவுண்டைப் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதற்கும் முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி, நாணை எதனால் இழுக்கப் போகிறீர்கள் என்பது. நீங்கள் கற்றது மூன்று விரல் முறை. வலக்கைக்காரருக்கு அம்பு வில்லின் இடப்பக்கம் அமரும். துருக்கிய, கொரிய, மங்கோலிய மரபுகளில் நாணைக் கட்டைவிரலால் பற்றுவார்கள், அதற்கென வளையம் அணிவார்கள், அம்பும் வலப்பக்கத்துக்கு மாறிவிடும். அந்த முறையைப் புதிதாகக் கற்க மனமிருந்தால் குறுவில்லை வாங்குங்கள், ஆனால் கற்றுத்தருபவர் அருகில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். மூன்று விரலாலேயே குறுவில்லை 29 அங்குலத்துக்கு இழுத்தால், நாண் மடங்கும் கோணம் கூர்மையாகி விரல்கள் நசுங்கும்.

கொரியாவில் இலக்கு 145 மீட்டரில் இருக்கும்; அந்த வில்லின் வடிவமே அத்தொலைவுக்கானது. எருமைக் கொம்பு, மூங்கில், விலங்கின் நரம்பு ஆகியவற்றை மீன் பசையால் ஒட்டிச் செய்யும் அசல் கொம்பு வில், ஈரக்காற்றில் பசை இளகி வலுவிழக்கும். உங்கள் ஊருக்கு அது வேண்டாம். கண்ணாடியிழை, கார்பன் அடுக்குகளால் ஆன இக்கால வடிவத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

என் பரிந்துரை, கண்ணாடியிழை ஒட்டிய 68 அங்குல நெடுவில்.

பதில் 3

நெடுவில் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. எய்தபின் கைப்பிடியில் வரும் அதிர்வு, ரிகர்வில் பழகிய கைக்குத் தொடக்கத்தில் எரிச்சலூட்டும். கழற்றக்கூடிய மர ரிகர்வ் வாங்கினால், பின்னாளில் லிம்புகளை (வில்லின் வளையும் கைகளை) மட்டும் மாற்றி விசையைக் கூட்டிக்கொள்ளலாம். நெடுவில்தான் என்று மனம் நிலைத்துவிட்டால், முழுதும் மரத்தால் ஆனவற்றைத் தவிருங்கள். 28 அங்குலத்துக்கென்று செதுக்கிய மரவில்லை 29க்கு இழுத்தால் முறியக்கூடும். அதிகபட்ச இழுநீளம் எவ்வளவு என்று செய்தவரிடமே கேளுங்கள்.

அம்புகளைப் பற்றி யாரும் பேசவில்லை, பணம் கரையும் இடம் அதுதான். ரிகர்வில் அம்பு ஏறத்தாழ வில்லின் நடுக்கோட்டிலேயே அமர்கிறது. நெடுவில்லில் அது பக்கவாட்டில் தள்ளி அமர்வதால், கைப்பிடியைச் சுற்றி வளைந்து வெளியேற வேண்டும். ஆகவே அதே விசைக்குச் சற்று நெகிழ்வான அம்பு தேவைப்படும். பழைய அம்புகளையே எய்தால், வலக்கைக்காரருக்கு அவை இடப்புறமாக விலகும். அம்பின் பின்பகுதியில் இறகுக்குப் பதிலாக ஒட்டும் பிளாஸ்டிக் வேன் கைப்பிடியில் மோதித் தெறிக்கும், எனவே உண்மையான இறகு ஒட்டியதையே வாங்குங்கள். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் நெடுவில் பிரிவில் மர அம்பு கட்டாயம் என்பதால், போட்டி எண்ணம் இருந்தால் அதற்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கட்டைவிரல் முறையைக் கற்பிப்பவர் இங்கே இல்லை. எனவே 68 அங்குலக் கண்ணாடியிழை நெடுவில், 28 அங்குலத்தில் 30 பவுண்டு என்று முடிவு செய்திருக்கிறேன். நாணை ஏற்றியே வைத்திருக்கலாமா?

பதில் 2 எழுதியவர்

கண்ணாடியிழை வில் அதைத் தாங்கும், எனினும் எய்து முடித்ததும் இறக்கிவிடுவதே நல்லது. நாணேற்றும்போது வில்லைக் காலுக்கிடையில் மாட்டி வளைக்காதீர்கள், லிம்ப் முறுக்கிக்கொள்ளும். நாணேற்றும் கயிறு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வில்லை விட்டுச் செல்ல வேண்டாம், ஒட்டுப்பசை பிரியும். நாணுக்குச் சற்று நீண்டுகொடுக்கும் டேக்ரான் இழை போதும். அதிகம் நீளாத ஃபாஸ்ட் ஃபிளைட் வகை நாணை, வில் செய்தவர் அனுமதித்தால் மட்டும் மாட்டுங்கள்.