இழை: ‘பராஷா’ – தோராவின் வாரப் பகுதிக்குத் தமிழில் என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். சமய ஒப்பியல் பாடநூல் ஒன்றில் யூத வழிபாடு பற்றிய அத்தியாயம் என் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன்: பராஷா.

யூதர்களின் மறையான தோராவின் ஐந்து நூல்களையும் 54 பகுதிகளாக வகுத்து ஓராண்டில் வாசித்து முடிக்கிறார்கள். அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு பராஷா. சனிக்கிழமை காலையில் அந்த வாரத்துக்குரியது முழுவதையும் வாசிப்பார்கள். அதன் தொடக்கத்தை மட்டும் அதற்கு முந்தைய சனி பிற்பகலிலும் இடையில் வரும் திங்கள், வியாழன் காலைகளிலும் வாசிப்பார்கள். கடிதத்தில் தேதியைக் குறிக்கக்கூட அந்த வாரப் பராஷாவின் பெயரை எழுதும் வழக்கம் உண்டு. ஆக, பகுதி, வாரம், வாசிப்பு மூன்றும் ஒரு சொல்லில் வர வேண்டும். ‘பாடப்பகுதி’ என்றால் பள்ளிப் புத்தகம் நினைவுக்கு வருகிறது. ‘பங்கு’ என்றால் கத்தோலிக்கர் தங்கள் பங்குத் தந்தையை நினைப்பார்கள். உதவுங்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு):

தம்பி, சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது: ஓத்து. ஓரினமான மணிகளை நிரல்பட வைத்தாற்போல ஓரினப் பொருளை ஓரிடத்தில் வைப்பது ஓத்து என்கிறது தொல்காப்பியச் செய்யுளியல். நூலின் உட்பிரிவுக்கு அதுவே பெயர். வேதத்துக்கும் அதுவே பெயர். குறள் 134-ஐப் பாருங்கள். ஓதுதல் அதன் வினை. பகுதி, மறை, வாசிப்பு மூன்றும் மூன்றே எழுத்தில் அடங்கிவிட்டன. ‘வார ஓத்து’ என்று எழுதுங்கள். 54 சனிக்கிழமை கிடைக்காத ஆண்டுகளில் இரண்டு பகுதிகளைச் சேர்த்து வாசிப்பார்களாமே, அதற்கு ‘இரட்டை ஓத்து’.

இன்னொன்றும் கவனித்தேன். பகுதிகளுக்குத் தொடக்கச் சொற்களிலிருந்தே பெயர் வைக்கிறார்கள். முதல் பகுதி ‘பெரேஷித்’, அதாவது ‘ஆதியிலே’. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் பெயர் பெற்றதும் இப்படித்தான். இதற்கு ‘முதற்குறிப்பு’ என்ற சொல் நம்மிடம் வழங்குகிறது. அதையும் பயன்படுத்துங்கள்.

இறையியல் ஆசிரியை:

ஐயா மீது எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் இங்கே அவர் எடுத்த மேற்கோளே அவருக்கு எதிராக நிற்கிறது. பராஷா ஓரினப் பொருள் அன்று. இரண்டாம் பகுதியான ‘நோவா’வை எடுத்துக்கொள்ளுங்கள். தோராவின் முதல் நூலான ஆதியாகமத்தில் 6:9-இல் தொடங்கி 11-ஆம் அதிகாரத்தின் இறுதி வரை ஓடுகிறது. பேழை, வெள்ளம், வானவில், திராட்சை மது, பாபேல் கோபுரம், வம்ச வரலாறு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அது நிரல்பட வைத்த ஓரின மணியா?

கத்தோலிக்கத் திருப்பலியில் ‘முதல் வாசகம்’, ‘நற்செய்தி வாசகம்’ என்று நாள்தோறும் கேட்கிறோம். தமிழ் மக்கள் வாயில் ஊறிய சொல். ‘வார வாசகம்’ போதும்.

மெய்ப்புத் திருத்துநர்:

‘வாசகம்’ எளிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யூதர்களைப் பற்றிய அத்தியாயம் முழுவதும் கிறித்தவச் சொற்களாகிவிடும். ஏற்கெனவே யூதர் கூடி வழிபடும் இடத்துக்குத் தொழுகைக்கூடமா ஜெப ஆலயமா என்று இரண்டு விவிலியப் பதிப்புகளுக்கு நடுவே நிற்கிறோம். தோராவை ‘நியாயப்பிரமாணம்’ என்றோ ‘திருச்சட்டம்’ என்றோ எழுதினால், அந்த எபிரேயச் சொல்லில் உள்ள ‘கற்பித்தல்’ என்ற பொருள் போய்விடுகிறது. தயவு செய்து தோராவைத் தோரா என்றே விடுங்கள்.

சொற்பிறப்பு ஆர்வலர்:

நண்பர்களே, பராஷாவின் வேர் ப-ர-ஷ, பொருள் ‘பிரித்தல்’. தமிழில் பிரி! இதைத் தற்செயல் என்று எப்படித் தள்ளுவது? சாலமோன் மன்னருக்குக் கப்பலில் வந்த மயில்களை எபிரேய விவிலியத்தில் 1 இராஜாக்கள் 10:22 ‘துக்கி’ என்கிறது. அது நம் ‘தோகை’ என்று அறிஞர் பலர் ஏற்கிறார்கள். மயில் போன வழியில் வினைச்சொல் போகாதா? ‘பிரிவை’ என்று ஆக்கலாம்.

இறையியல் ஆசிரியை:

மயில் சரக்கு. சரக்கோடு பெயரும் கப்பலேறும். வினைவேர் அப்படி ஏறுவதில்லை. எபிரேய வேரில் மூன்று மெய்கள், ‘ஷ்’ அதில் ஒன்று; அதை உதறிவிட்டுப் ‘பிரி’யோடு ஒட்ட முடியாது.

ஆனால் அதே வேரிலிருந்து ‘பேருஷ்’ என்ற சொல்லும் வருகிறது. பொருள் உரை, விளக்கம். பிரித்துக் காட்டுவதே விளக்குவது என்ற எண்ணம் அது. நாமும் ‘பதம் பிரித்து’ப் பொருள் சொல்கிறோமே.

தமிழாசிரியர்:

அப்படியானால் வாரப் பகுதி பற்றி அங்கே ஆற்றும் சொற்பொழிவை ‘பிரசங்கம்’ என்றும் ‘மறையுரை’ என்றும் எழுத வேண்டாம், ‘உரை’ என்று எழுதுங்கள். நோவா ‘தன் தலைமுறைகளில்’ நீதிமான் என்று 6:9-இல் இருக்கிறது. ராஷி என்ற உரையாசிரியர் இதற்கு இரு கருத்தும் தருகிறார்: கெட்ட காலத்திலேயே நல்லவன், நல்ல காலத்தில் பிறந்திருந்தால் இன்னும் உயர்ந்திருப்பான் என்பது ஒன்று, அந்தக் காலத்துக்குத்தான் நல்லவன், ஆபிரகாமின் காலத்தில் எண்ணப்பட்டிருக்கமாட்டான் என்பது மற்றொன்று. ஒரு சொல்லை நிறுத்தி இரு பொருளும் பார்ப்பது உரைகாரர் வேலையல்லவா?

கேரளத்திலிருந்து உறுப்பினர்:

தொழுகைக்கூடம் பற்றி ஒரு வார்த்தை. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி யூத ஆலயத்தை இங்கே ‘ஜூதப் பள்ளி’ என்பார்கள். சமணப் பள்ளி, பள்ளிவாசல் என்று தமிழிலும் அதே சொல். ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் தொழுகைக்கூடத்துக்கு ‘ஷூல்’ என்று பெயர். அதுவும் பள்ளிக்கூடம் என்ற பொருளுடையதே. ‘யூதப் பள்ளி’ என்று எழுத ஏன் தயங்க வேண்டும்?

மெய்ப்புத் திருத்துநர்:

அழகுதான். ஆனால் ‘சனிக்கிழமை யூதப் பள்ளிக்குப் போனார்கள்’ என்று அச்சிட்டால் மாணவர் என்ன நினைப்பார்? இழை விலகுகிறது. பராஷாவுக்கு வாருங்கள். ‘ஓத்து’ வேண்டவே வேண்டாம். வகுப்பில் உரக்க வாசித்தால் சிரிப்பு எழும். காரணத்தை எழுத விரும்பவில்லை.

தமிழாசிரியர்:

கொச்சை ஒன்று ஒலியில் ஒத்திருப்பதால் தொல்காப்பியர் ஆண்ட சொல்லை விட்டுவிடுவதா? தேவாரம் பாடுபவர் ஓதுவார். முஸ்லிம்கள் குர்ஆன் ஓதுகிறார்கள். இரு சமயத்துக்கும் பொதுவாக ஒரு வினை தமிழில் இருக்கிறது. அதை ஏன் இழக்க வேண்டும்?

இறையியல் ஆசிரியை:

அந்த வினை பற்றி ஐயா சொல்வதை ஏற்கிறேன். மும்பையில் ஒரு தொழுகைக்கூடத்தில் பார்த்தேன். தோலில் கையால் எழுதிய சுருளை மேடையில் விரித்து, நுனியில் கைவிரல் வடிவம் கொண்ட வெள்ளிக் கோலால் வரி வரியாகச் சுட்டி வாசித்தார் ஒருவர். சுருளில் உயிர்க்குறிகளும் இல்லை, இசைக்குறிகளும் இல்லை. எல்லாம் நினைவிலிருந்து. ஓரிடத்தில் ஒரு சொல் பிசகியது. கீழே இருந்த முதியவர்கள் இரண்டு மூன்று பேர் ஒரே குரலில் சரியான சொல்லைச் சொன்னார்கள். கோல் பின்னால் நகர்ந்தது, அவர் மறுபடியும் வாசித்தார். யாருக்கும் அது அவமானமாகத் தெரியவில்லை. நாம் காகிதத்தைப் பார்த்து வாசிப்பதுபோல் அது இல்லை.

தமிழாசிரியர்:

புள்ளியில்லாத ஓலைச்சுவடியை வாசிப்பது போல! மகிழ்ச்சி அம்மா. ஆண்டு முடிவில் தோராவின் இறுதி நூலான உபாகமத்தின் கடைசி வரியை வாசித்த கையோடு இன்னொரு சுருளில் ஆதியாகமத்தைத் தொடங்குவார்கள் என்றும் படித்தேன். கடைசிச் சொல்லின் ஈற்றெழுத்தையும் முதற்சொல்லின் முதலெழுத்தையும் சேர்த்தால் எபிரேயத்தில் ‘லேவ்’, இதயம். இது அந்தாதி. ‘தோரா அந்தாதி’ என்றே ஒரு குறிப்பு எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. இப்போது வியாழன் இரவு. மடல் எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘வாரப் பகுதி’யில் பெரிய குறையில்லை என்கிறார்கள். முதல் முறை ‘பராஷா எனப்படும் வாரப் பகுதி’, பிறகு வெறும் ‘வாரப் பகுதி’. சொற்பொழிவுக்கு ‘உரை’. பெயரிடும் முறைக்கு ‘முதற்குறிப்பு’. வினையாக எல்லா இடத்திலும் ‘ஓதுதல்’ என்றே மாற்றிவிட்டேன். வாசிக்க ஒருவரை மேடைக்கு அழைப்பதைக் குறிக்கும் ‘அலியா’வுக்கு ‘ஏற்றம்’ என்று எழுதினேன். கிணற்று ஏற்றம் என்று புரிந்துகொள்வார்களோ என்ற கவலையில் ‘மேடையேற்றம்’ ஆக்கினேன். சனிக்கிழமை காலையில் ஏழு பேருக்கு மேடையேற்றம். முதலில் ஆசாரிய மரபினர் ஒருவர், அடுத்து லேவி குலத்தவர் ஒருவர், பிறகு மற்றவர்.

தமிழாசிரியர்:

வினையை ஏற்றுக்கொண்டு பெயரை விட்டுவிட்டீர்கள். ‘பகுதி’ நிலத்துக்கும் உண்டு, வருமானத்துக்கும் உண்டு. அதில் குரல் இல்லை. என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மறுபதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.

மெய்ப்புத் திருத்துநர்:

கோப்பு வந்து சேர்ந்தது. வாரப் பகுதியை அடுத்து வாசிக்கும் தீர்க்கதரிசிகளின் நூற்பகுதியான ‘ஹஃப்தாரா’வுக்கு 14-ஆம் பக்கத்தில் இடம் வெற்றாக இருக்கிறது. காலை ஆறு மணிக்குள் ஒரு சொல் வேண்டும்.